விமானியைத் தேடும் பெண்

சோதனைக்காகப் பறக்கவிட்ட ஆளில்லா விமானம் சோளக்காட்டில் விழுந்து நான்கு நிமிடம் ஆகிறது. அதன் கேமரா மட்டும் இன்னும் சாகவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஜன்னலில்லாத அறையில், அதை ஓட்டிய விமானி திரையை வெறித்தபடி உட்கார்ந்திருக்கிறார். சத்தம் வராத படத்தில் ஒரு பெண் தண்ணீர்க் குவளையோடு வருகிறாள். உடைந்த இறக்கையைத் தூக்கிப் பார்க்கிறாள், ஈரமண்ணைக் கையால் தோண்டுகிறாள். “யாரத் தேடுறாங்க அந்தம்மா?” “உங்களத்தான் சார்,” என்கிறார் பக்கத்து மேசைப் பொறியாளர். “உள்ள ஆள் இருக்குன்னு நெனச்சிருப்பாங்க.”

அவள் காலடியில் எரிபொருள் பளபளவென்று பரவுகிறது. போய்விடு என்று சொல்ல வழியில்லாமல், விமானி கேமராவை இடமும் வலமுமாக ஆட்டுகிறார். அவள் திடுக்கிட்டு மண்டியிடுகிறாள். முகம் திரையை அடைத்துக்கொள்கிறது. ஏதோ கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், பிறகு வாயில் ஊற்றுவதுபோலக் கேமராமேல் தண்ணீரைச் சாய்க்கிறாள். படம் நெளிகிறது, விமானி தன்னையறியாமல் விழுங்குகிறார். மறுபடி ஆட்டப் பார்க்கிறார், கேமரா அசையவில்லை. அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, சேறு அப்பிய உள்ளங்கையைக் கேமராவின் கண்ணாடியில் மேலிருந்து கீழாக மெல்ல இறக்குகிறாள், இறந்தவர் கண்ணை மூடுவதுபோல. சேற்றின் இடுக்கில் இரண்டு பாதங்கள் விலகிப் போகின்றன.

“அந்தம்மா போயிட்டாங்க சார். ஒண்ணும் ஆகல.”

விமானி கண்ணைத் திறக்கவில்லை.