இரண்டாவது நாற்காலி

"வில்லன் மூஞ்சி புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படியே வேணும். ஒரு புள்ளி மாறினாலும் வாசகருங்க நம்மள உரிச்சு எடுத்துடுவாங்க" என்றார் தயாரிப்பாளர் போனில்.

"சரி சார்" என்றார் டைரக்டர்.

"ஆனா நிஜம் மாதிரியும் இருக்கணும். பொம்மை மாதிரி இருந்தா ஜனங்க சிரிச்சுடுவாங்க."

"சரி சார்."

"பன்னெண்டு மணிக்குள்ள போட்டோ வரணும். இந்தத் தடவையும் சொதப்பினா மேக்கப்புக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

போனை வைத்த பிறகும் டைரக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியேயும் வேண்டும், நிஜமாகவும் வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டியாகிவிட்டது.

அவர்கள் சினிமாவாக எடுக்கும் படக்கதையின் வில்லன் பெயர் செம்முகன். நெற்றி முதல் தாடை வரை இடது பக்கம் முழுக்கச் சிவந்த மச்சம். முதல் தடவை புத்தகத்தில் உள்ளபடியே போட்டார்கள். சுவருக்கு பெயிண்ட் அடித்தது மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை இயற்கையாக இருக்கட்டும் என்று குறைத்தார்கள். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

டைரக்டர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேக்கப் அறைக்குள் நுழைந்தார்.

மேக்கப் அக்கா சட்டென்று எழுந்தார். மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்துவிட்டு இந்தப் படத்துக்குத்தான் வந்திருந்தார்.

கண்ணாடி முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வில்லன் நடிகர், வண்ணம் காய்வதற்காகக் காதில் ஹெட்போனை மாட்டிப் பாட்டுக் கேட்டபடி கண்ணை மூடியிருந்தார். இன்னொன்றில் டைரக்டர் பார்த்திராத ஓர் ஆள். இருவர் மீதும் கழுத்திலிருந்து கால்வரை ஒரே மாதிரி கறுப்புத் துணி. இருவர் முகத்திலும் சிவந்த மச்சம்.

"ஓ, ரெண்டு மாதிரி போட்டிருக்கீங்களா அக்கா?"

"இல்ல சார், இவர் வந்து..."

"இருங்க, நானே பாக்கறேன். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிச் சொல்லி எனக்குத் தலையே சுத்துது."

முதலில் நடிகரின் முகத்தருகே புத்தகத்தைப் பிடித்துப் பார்த்தார். நிறம் தோலுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"இது பிரமாதம். பாத்தா பயமாவும் இருக்கு, பாவமாவும் இருக்கு. நிஜம்னா இதுதான்."

அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

டைரக்டர் இரண்டாவது நாற்காலிக்கு வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இது என்னக்கா இப்படி இருக்கு?"

"சார், அதைத்தான் சொல்ல வந்தேன்..."

நாற்காலியில் இருந்தவர் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்து, பரவாயில்லை, விடுங்கள் என்பது போல மெல்லத் தலையசைத்தார். பிறகு டைரக்டரிடம், "வெளிச்சத்துக்குத் திரும்பட்டுமா சார்?" என்றார்.

"திரும்புங்க. பாத்தீங்களா, ஓரம் கோணல்மாணலா போகுது. பிறவியில வர்ற மச்சம் இப்படியா வரும்?"

"அளவெடுத்தா சார் வரும்?" என்றார் அவர் சிரித்துக்கொண்டு.

"நீங்க பேசாம இருங்கண்ணே. அக்கா, காதுக்குப் பின்னாடி எதுக்கு? கேமரா அங்க போகாதே. புருவத்துக்கு மேல மட்டும் ஏன் இவ்வளவு அடர்த்தி? படக்கதையை நம்புறவன்கூட இதை நம்ப மாட்டான்."

அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

டைரக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்டவர் மாதிரி இருந்தார்.

"எனக்கு ஒண்ணு புரியலக்கா. ரெண்டும் உங்க கைதானே? அது அவ்வளவு நல்லா இருக்கு, இது இவ்வளவு பொய்யா இருக்கு. நாப்பது நாள் ஷூட்டிங். தினமும் காலையில எது வரும்னு நான் எதை நம்புறது? வேற ஆளைக் கூப்பிடறதுதான் நல்லதுன்னு தோணுது. தப்பா எடுத்துக்காதீங்க."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "சார், ஒரே ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க."

"அப்புறம் கேக்கறேன். முதல்ல இதைத் துடைங்க. பக்கத்துல இது இருந்தா எனக்கு இன்னும் குழப்பமா இருக்கு."

அக்கா அசையவில்லை. டைரக்டரே பஞ்சை எடுத்து எண்ணெயில் நனைத்தார். நாற்காலிக்காரர் மறுப்பொன்றும் சொல்லாமல், நாவிதரிடம் கொடுப்பதுபோல, கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

டைரக்டர் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். வேறு பஞ்சை எடுத்து, தாடையைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். பிறகு பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது.

"விடுங்க சார், உங்களுக்குத்தான் கை வலிக்கும். சின்ன வயசுல எங்கம்மாவே தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்து விட்டுட்டாங்க" என்றார் அவர், கன்னத்து எண்ணெயைத் துணியால் ஒற்றிக்கொண்டே. "லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவன் சார் நான். பாத்து வரைய ஒரு நிஜ முகம் வேணும்னு அக்கா கூப்பிட்டாங்க, உக்காந்தேன். அவங்க போட்டது அந்த ஒரு முகம்தான். அதைத்தான் நீங்க நிஜம்னு சொல்லிட்டீங்களே, அவங்களை மாத்திடாதீங்க."