நாலு தரம் திரும்பி வந்தது

"ஸ்லைட் செய்யக் கொம்பியூட்டரிலை கோட் எழுதோணுமோ? மவுசாலை இழுத்து ஒட்டினால் காணாதோ?" என்று கமலாசனி மகளிடம் கேட்டார்.

"வந்து பாத்தவை நாலு தரம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம் அம்மா. ஒவ்வொரு தரமும் இருபது பக்கத்தையும் கையாலை மாத்த ஏலாது. இதிலை ஒரு வரியை மாத்தினால் எல்லாப் பக்கமும் தானா மாறும்," என்றாள் யதுர்ஷிகா.

"குறையளைப் போடாதை."

"மறைச்சுத்தானே போனமுறை பிடிபட்டனாங்கள்? இரவிலை சத்தம் வரும் எண்டும் போட்டிட்டன். தொண்ணூற்றிமூண்டாம் ஆண்டு எண்டதும் இருக்கு."

வாசலில் வான் வந்து நின்றது. புதுக்குடியிருப்பிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். யதுர்ஷிகா சுவரில் படம் காட்டி ஒவ்வொரு பக்கமாக விளக்கினாள்.

"தோட்டத்துக்கு உதவுமோ?" என்று வந்தவர்களில் பெரியவர் கேட்டார்.

"உழவு, தண்ணி இறைப்பு எல்லாம் நடக்கும் ஐயா. காலமையிலை கிளம்பத்தான் கொஞ்சம் சுணங்கும்."

பெரியவரின் மகள் சுரேகா எழும்பினாள். "படம் போதும். நேரிலை பாப்பம்."

"அண்ணா, தேத்தண்ணியைக் கொண்டு வாங்கோ!" என்று யதுர்ஷிகா குசினிப் பக்கம் கூப்பிட்டாள்.

பட்டு வேட்டியும் கையில் தட்டுமாக, தலை குனிந்தபடி வந்தான் மாப்பிள்ளை கிருசாந்தன்.

சுரேகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாடத் தெரியுமோ?"

சுருதி பிசகி ஒரு தேவாரத்தைத் தொடங்கினான். இரண்டாவது வரியிலேயே சுரேகா சிரித்துவிட்டாள்.

"காணும், நிப்பாட்டுங்கோ. அந்த இரவுக் குறட்டையையும் சேர்த்து எனக்குச் சம்மதம்."