செத்த கார்டின் நம்பர்

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் ஸ்கேன் படத்துக்காகக் காத்திருந்தார். படங்கள் இருக்கும் சேமிப்புப் பெட்டியோ, சர்வரில் செத்துப்போன கார்டுக்குப் பதிலாக மகிழ்நன் மாட்டிய புதுக் கார்டைச் சீந்தவே இல்லை. தன் பட்டியலில் உள்ள பதினாறு இலக்க நம்பரைக் கார்டு சொன்னால்தான் அது திறக்கும்.

"புது நம்பரை ஏத்த அனுமதி வர ஒரு வாரம் ஆகும். செத்த கார்டோட நம்பரையே இதுக்குக் குடுத்துடுப்பா," என்றார் மேலாளர் லாரன்ஸ்.

கொடுத்தான். பெட்டி ஒரு கேள்வி கேட்காமல் படங்களைத் தந்தது.

வீட்டுக்குக் கிளம்பியவன் வாசலில் அடையாள அட்டையைக் காட்டினான். திரையில் வந்த பெயரைக் காவலாளி வாசித்தார்.

"போய்ட்டு வாங்க, துரைப்பாண்டி சார்."

அவனுக்கு முன் அந்த வேலையில் இருந்த துரைப்பாண்டி இறந்து இரண்டு மாதம். அவருடைய அட்டைதான் இது; புது அட்டை வரும்வரை இருக்கட்டும் என்று லாரன்ஸ் கொடுத்தது. முதல் வாரம் முழுக்க மகிழ்நன், காவலாளி சொல்லும் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தான்.

இன்று, "வரேண்ணே," என்றான்.