முன் வரிசையில் ஒரு விசிறி

“விசிறி வெச்சிருக்கிறவங்க எல்லாரும் இந்தப் பெட்டியில போட்டுடுங்க. ஒண்ணுகூட என் கண்ணுல படக் கூடாது.”

சிஸ்டர் வெர்னெல் மைக்கில் சொன்னதும் சபைக் கூடம் முணுமுணுத்தது. பிப்ரவரிக் குளிர் என்று பேர்தான். ஹீட்டர் நிறுத்த முடியாமல் மாட்டிக்கொண்டு உள்ளே புழுங்கித் தள்ளியது.

“ஏன் சிஸ்டர், நாங்க வெந்து சாகவா?” என்றார் பின் வரிசைப் பெரியவர் ஒருவர்.

“பிரதர், அந்த விசிறியில என்ன அச்சடிச்சிருக்கு? முன்னால நம்ம தலைவர் ஒருத்தர் படம், பின்னால அவர் வரலாறு. நான் கேக்கப்போற கேள்வியில பாதிக்கு விடை உங்க கையில ஆடிட்டிருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். சவ அடக்கம் செய்யும் கம்பெனிக்காரர் சபைக்கு இனாமாகக் கொடுக்கும் அட்டை விசிறிகள். முக்கால்வாசியில் தலைவர்கள் படம்தான். பெட்டி நிரம்பியது.

அமெரிக்காவின் மேக்கன் ஊரில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கறுப்பின வரலாற்று வினாடி வினா என்றால் சிஸ்டர் வெர்னெல்தான். ஜெயிக்கிற அணிக்குக் கோடையில் வாஷிங்டன் பயணம். சிகாகோவில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தார். வந்த கையோடு எல்லோரையும் விரட்ட ஆரம்பித்துவிட்டார்.

“எலுமிச்சை கேக் எங்க? எர்லீன் ஏன் வரல?”

“சிஸ்டர், எர்லீன்…” என்று ஆரம்பித்தார் ஒரு பள்ளியின் பயிற்சியாளர் லாவெல்.

“சாக்கெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன். வருஷா வருஷம் செய்யறவ, வர முடியலன்னா ஒரு போன் பண்ணக் கூடாதா? இப்படிப் பொறுப்பில்லாம இருந்தா நம்ம ஜனங்க எப்படி உருப்படும்? மணியாச்சு, போய் உங்க பிள்ளைங்களை உக்கார வைங்க.”

வியர்வை வழிந்தது. பெட்டியிலிருந்து கையில் அகப்பட்ட ஒரு விசிறியை எடுத்து வீசிக்கொண்டார்.

“எங்களுக்கு மட்டும் கூடாதாக்கும்?” என்றார் அதே பெரியவர்.

“கேள்வி கேக்கறவ நான். எனக்கு விடை தெரியும்.”

பிறகு பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார். “ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. நம்ம மனுஷங்களை நாமே மறந்துட்டா வேற யாரு நினைப்பா? ஒரு முகத்தைக் காட்டினா பேர் வாய்ல வரணும்.”

போட்டி சூடு பிடித்தது. லாவெல் அணியில் டமாரிஸ் என்ற பெண் வெளுத்து வாங்கினாள். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் முன் வரிசைப் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது.

“டமாரிஸ், கண்ணு இங்க இருக்கட்டும்.”

“சரி மேடம்.”

இரண்டு அணியும் சமமாக நின்றபோது கடைசிக் கேள்வி வந்தது.

“இந்த மேக்கன் ஊர் அடிமைப் பெண். வெள்ளைக்கார முதலாளி மாதிரி ஆண் வேஷம் போட்டு, முகத்துல கட்டுக் கட்டி, தன் புருஷனையே தன் அடிமைன்னு சொல்லி ரயிலேறித் தப்பிச்சா. யாரு?”

டமாரிஸ் மணியை அழுத்தினாள். பார்வை முன் வரிசைக்குப் போனது. அங்கே ஒரு பெண்மணி மடியிலிருந்து விசிறி ஒன்றை உயர்த்தி, மேடைப் பக்கமாகப் பிடித்தார்.

“எலன் கிராஃப்ட்.”

கூடம் கைதட்டியது. பக்கவாட்டில் நின்ற சிஸ்டர் வெர்னெலுக்கு விசிறியின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

“கை தட்டாதீங்க. இந்தப் பதில் செல்லாது. இந்த அணியும் போட்டியில இல்ல.”

“மேடம், அதுல விடை எதுவும் இல்ல. நீங்களே பாருங்க” என்றாள் டமாரிஸ்.

“நான் எதுக்குப் பாக்கணும்? எலன் கிராஃப்ட் படம் போட்ட விசிறி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? திருட்டுத்தனமா ஜெயிக்கறதுக்கா அந்தப் பொம்பள உயிரைப் பணயம் வெச்சுத் தப்பிச்சா?”

லாவெல் எழுந்தார். “சிஸ்டர், ஒரு நிமிஷம்…”

“பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது. விதி.”

டமாரிஸ் அழவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். லாவெலும் மற்ற பிள்ளைகளும் அவள் பின்னால் போனார்கள்.

எதிர் அணி கோப்பை வாங்கிப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அந்தப் பெண்மணி சிஸ்டரின் மேஜைக்கு வந்தார். விசிறியைக் குப்புற வைத்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

“நான் டமாரிஸோட சித்தி. வரலாறு ஏதாவது எழுதியிருக்கான்னு தேடுங்க சிஸ்டர்.”

சிஸ்டர் அதைத் திருப்பினார். படத்தில் எர்லீன் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பிறந்த நாளும், போன மாதத்துத் தேதி ஒன்றும் இருந்தன. அடக்கத்தன்று சபையில் எல்லோருக்கும் கொடுக்கும் நினைவு விசிறி.

“எர்லீனா? எப்போ… யாருமே எனக்குச் சொல்லலையே.”

“நீங்க ஊர்ல இல்ல. வந்தப்புறம் யாரைச் சொல்ல விட்டீங்க?” அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. “வருஷா வருஷம் அடுப்படியில நின்னேதான் என் அக்கா இந்தப் போட்டியைக் கேட்டா. மக மேடையேறுற வருஷம் முன் வரிசையில உக்காருவேன்னு சொல்லிட்டே இருந்தா. அதான், உக்கார வெச்சேன்.”

சிஸ்டர் வெர்னெல் வாசலுக்கு ஓடினார். பள்ளி வேன் போய்விட்டிருந்தது. திரும்பி வந்தபோது சித்தியும் இல்லை, மேஜையில் அந்த விசிறியும் இல்லை.

மூச்சு முட்டியது. நாற்காலியில் சாய்ந்து, பெட்டியிலிருந்து எடுத்திருந்த தன் விசிறியால் வீசிக்கொண்டார். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. கை நின்றது. மெல்லத் திருப்பினார்.

மத்தியானத்திலிருந்து அவருக்குக் காற்று வீசிக்கொண்டிருந்ததும் எர்லீன்தான்.