விதைக்கு விட்ட பூ

எதிர்வீட்டு வைத்திலிங்கம் மாமாவின் புது ஷேர் ஆட்டோ, சிதம்பரத்துக் காலை வெயிலில் மினுங்கி நிற்கிறது. முகப்பில் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், படிகாரம். அவற்றுக்குக் கீழே, நூலில் தலைகீழாகத் தொங்குகிறது என் கருப்பு வயோலாப் பூ. எங்கள் மாடிப்படிக்கு அடியில், நிழலில், குளிர்நாட்டுச் செடி என்பதால் ஐஸ் தண்ணீர் ஊற்றி நான் பிழைக்க வைத்த ஒரே செடியின் முதல் பூ. விடியலில் கேட்டைத் திறந்து வந்து பறித்திருக்கிறார். "கருப்புல பூவ எங்க பாக்க முடியுது? திருஷ்டிக்குன்னே பூத்திருக்குது பாப்பா," என்று சிரிக்கிறார். பின்னாலிருந்து வெயில் பட, இதழ்கள் கருப்பாகவே இல்லை. கத்தரிக்காய்த் தோலின் ஊதா, நடுவில் மஞ்சள் பொட்டு. ஓரங்கள் அதற்குள் சுருண்டுவிட்டன. என் காது சுடுகிறது. "இன்னொரு மொட்டு இருக்குதே, அது என் மச்சான் வண்டிக்கு ஆச்சு," என்று எங்கள் படியை நோக்கி நடக்கிறார். கோடை தொடங்கிவிட்டது, இனி மொட்டு வராது. அந்த ஒன்று காய்த்தால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. நான் முந்திப்போய்த் தொட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். ஈர மண் துப்பட்டாவில் அப்பிக்கொள்கிறது. "இது விதைக்கு. தொடாதீங்க மாமா." அவர் நின்றுவிடுகிறார். "அடேங்கப்பா, ஒரு பூவுக்கா இவ்ளோ கோவம்?" "என்னைக் கேக்காம பறிச்ச பூவுக்கு," என்கிறேன். தெருவுக்கே கேட்கிறது.