உப்பு டப்பா திறந்த நாள்

சவரிமுத்துவின் உடம்பிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியே அவர் ரத்தக்குழாய்களைத் தாக்கிப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தது. அடுக்களைச் சுவரில் மாட்டிய இயந்திரம் மூன்று வருடமாகத் தினமும் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்ததோடு, உப்பு டப்பாவையும் பூட்டியே வைத்திருந்தது. அதுவும் தூத்துக்குடியில், ஓர் உப்பளத் தொழிலாளி வீட்டில்!

இன்று ஊசியைக் கழற்றியதும் டப்பா தானாகத் திறந்தது.

“சிறுநீரகம் தேறிவிட்டது. உப்பு சேர்க்கலாம், அளவாக,” என்றது இயந்திரம்.

மனைவி அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டே குழம்பில் உப்புப் போட்டாள். அவள் வாழையிலை அறுக்கப் போன நேரத்தில் அவரும் ஆசையாக ஒரு கை அள்ளிப் போட்டார். அன்றைய அளவு தாண்டியதும் டப்பா டக்கென்று மூடிக்கொண்டது.

திரும்பி வந்து ருசி பார்த்த அமலிக்கு முகம் கோணியது. “ஐயோ, கரிக்குது! நீங்களும் போட்டீகளா? பாருங்க, மறுபடியும் பூட்டிக்கிச்சு.”

“பூட்டினா பூட்டட்டும்,” என்று சிரித்தார் சவரிமுத்து. “நாளைக்குத் தெறக்கும்லா!”