எல்லாப் பொருத்தமும் இருந்த டிஸ்க்

பழைய ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று இருமி நின்றுபோன மறுநாள், மெக்கானிக் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினார். முதலில் வைத்துப் பார்த்த டிஸ்க் தடிமனாக இருந்ததால் மூடி மூடவில்லை. இரண்டாவதில் கனெக்டர் சேரவில்லை. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது.

"எல்லாப் பொருத்தமும் இருக்கு," என்றார்.

லேப்டாப் புது டிஸ்க்கிடம் மெல்லக் கேட்டது. "தினமும் என்னைத் திறக்கிற செண்பகவல்லியைத் தெரியுமா உனக்கு? பழைய டிஸ்க்ல அவ பதிஞ்சு வச்ச, அவ அம்மா கடைசியாப் பாடின பாட்டு?"

"நான் இன்னிக்குத்தான் வந்தேன், அண்ணே. எனக்கு யாரையும் தெரியாது."

மேசையோரம் கிடந்த பழைய டிஸ்க் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் மெக்கானிக் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டார்.

சாயங்காலம் செண்பகவல்லி வந்து திறந்தாள். ஒன்பது வருஷம் அவள் விரலுக்குப் பழகிய லேப்டாப், வேறு வழியில்லாமல் திரையில் கேட்டது.

"உங்கள் பெயர் என்ன?"